உடைமைக்காரர் யார்? ஆப்பிரிக்க நாவல்கள் குறித்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்க நாவல்களில் அதிகாரமும் ஊழலும் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். கட்டுரையாளரின் படிப்பு விரிவானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நல்ல மக்களை ஏமாற்றிய கெட்ட தலைவர்களின் கதைகளே இவை என்று அவர் வந்து சேர்ந்திருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபேயின் 'எ மேன் ஆஃப் தி பீப்பிள்' 1966 ஜனவரியில் வெளிவந்தது. அதே மாதம் 15ஆம் தேதி நைஜீரியாவின் முதல் ராணுவப் புரட்சி நடந்தது. நாவலும் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றுவதோடுதான் முடிகிறது என்பதால், இந்தப் பொருத்தத்தை வியப்பதிலேயே கட்டுரையின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. அந்த வியப்பில் விடுபட்டுப்போனது ஒரு சின்னக் கடைக்காரனின் கதை.

அனாட்டா கிராமத்தில் ஜோசையா என்றொருவன் கடை வைத்திருக்கிறான். பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய கைத்தடியை எடுத்துக்கொண்டு அதே போல் வேறொரு தடியை அந்த இடத்தில் வைத்துவிடுகிறான். வாடிக்கையாளர்களைக் குருடாக்கிப் பொருளை வாங்கவைக்கும் மருந்து செய்ய அவனுக்கு அந்தத் தடி வேண்டியிருக்கிறது. தன் தடியைக் கண்ணில்லாதவனுக்கா தெரியாது? ஊர் கூடிவிடுகிறது. உடைமைக்காரன் கண்ணில் படும் அளவுக்கு ஜோசையா எடுத்துவிட்டான் என்கிறார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு குழந்தைகூட அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை; ஒரே வாரத்தில் ஜோசையா நொடித்துப்போகிறான்.

நாவலின் கடைசிப் பக்கங்களில் இதே வாக்கியம் மறுபடியும் வருகிறது. அதுவரை அமைச்சர்களை அண்டிப் பிழைத்தவர்களும் 'அவர்கள்தான் சாப்பிடட்டுமே, வெள்ளைக்காரன் சாப்பிட்டபோது நாம் என்ன தூக்குப் போட்டுக்கொண்டோமா?' என்று இருந்தவர்களும், ஆட்சி கவிழ்ந்த மறுகணம் ஊழலைத் திட்டத் தொடங்குகிறார்கள். கொல்லப்பட்ட அமைச்சர் கோக்கோவைப் பற்றிக் கதைசொல்லி ஒடிலியின் தந்தை சொல்வதும் அந்த ஜோசையா வாக்கியத்தையேதான். ஒடிலிக்கு அது சுருக்கென்று தைக்கிறது. கிராமத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருந்தது, ஏனென்றால் அங்கே உடைமைக்காரர் ஊர். ஊருக்கு மனம் உண்டு, அது கூடாது என்று சொல்லும். தேசத்தின் காரியங்களில் உடைமைக்காரர் என்று எவருமில்லை, ஆகவே ஊரின் சட்டம் அங்கே செல்லாது என்று அவன் எண்ணுகிறான். என் வாசிப்பில் நாவலின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. ராணுவம் வருவது அதற்குப் பின்னிணைப்பு மாதிரிதான். தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று நாம் சொல்லும்போதும் தேன் யாருடையது என்று கேட்பதில்லை.

ஒடிலியையும் அச்செபே விட்டுவைக்கவில்லை. தனக்கு ஒருகாலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த அமைச்சர் நங்காவின் வீட்டில் விருந்தாளியாக முதல் இரவைக் கழிக்கும்போது, இந்தக் கணமே என்னை அமைச்சராக்கினால் என்றென்றும் அமைச்சராகவே இருக்கத்தான் ஆசைப்படுவேன் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். நங்காவின் மாளிகையில் ஏழு குளியலறைகள். அதே நகரத்தில் இரவில் மலவாளிகளைச் சுமந்து செல்பவர்களையும் ஒடிலி பார்க்கிறான்.

அயி க்வே அர்மாவின் 'தி பியூட்டிஃபுல் ஒன்ஸ் ஆர் நாட் யெட் பார்ன்' 1968இல் வந்த கானா நாவல். பெயரே சொல்லப்படாத ரயில்வே எழுத்தர் ஒருவர்தான் அதன் நாயகர். சரக்கு வண்டிக்காக ஒரு மரவியாபாரி நீட்டும் பணத்தை அவர் மறுத்துவிடுகிறார். மறுத்ததற்காக வீட்டில் தலைகுனிந்து நிற்க வேண்டியவரும் அவரே. மனைவி ஓயோ அவரை சிச்சிடோடோ என்கிறாள். அந்தப் பறவைக்கு மலம் என்றால் அருவருப்பு. ஆனால் அது தின்னும் புழுக்களோ மலத்தில்தான் வளரும். முப்பது ஆண்டுகள் எழுத்தராக மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த அமைச்சரின் சொற்பொழிவையும்விட இந்த ஒரு சொல் கூரியது.

இதை ஒரு நோயுற்ற புத்தகம் என்றும், அந்த நோய் கானாவின் நோயன்று, மனித நிலையின் நோய் என்றும் அச்செபே கண்டித்ததைக் கட்டுரையாளர் உடன்பாட்டோடு குறிப்பிடுகிறார். அச்செபேயின்மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. இவ்விஷயத்தில் மட்டும் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்றே கருதுகிறேன். 1966 பிப்ரவரி 24 அன்று கானாவின் முதல் அதிபர் என்க்ருமாவின் ஆட்சி கவிழ்கிறது. முன்னாள் துறைமுகத் தொழிலாளியும் இந்நாள் அமைச்சருமான கூம்சன் அந்த எழுத்தரின் வீட்டில் ஒளிந்து, கழிப்பறைத் துளைக்குள் தலையை நுழைத்துத் தப்புகிறார். நாறிக்கொண்டு நிற்கும் கூம்சனைப் பார்த்த ஓயோ, நீங்கள் இவரைப் போல ஆகாதது எனக்கு நிம்மதி என்று கணவரிடம் சொல்கிறாள். நோயுற்ற புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்காது.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவைப் பொறுத்தவரை கட்டுரையாளர் ஓரளவு சரி. காமிட்டி சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் எழுதப்பட்டு, தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்த நாவலில் திருடர்கள் போட்டி வைத்துத் தங்கள் திறமையை அளக்கிறார்கள். நடுவே இருந்து தயங்குபவர்களுக்கு அங்கே அதிகம் இடமில்லை. ஆனால் உடைமைக்காரர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லத் துணிந்தவரும் அவர்தான். 'மாட்டிகாரி'யில், காட்டிலிருந்து திரும்பும் போராளி ஒருவன் தான் கட்டிய வீட்டைக் கேட்கிறான். உண்மையையும் நீதியையும் தேடி ஒருவன் ஊர் ஊராக அலைகிறான் என்ற பேச்சு கென்யாவில் பரவியபோது, அவனைக் கைதுசெய்ய அதிபர் மோய் ஆணையிட்டாராம். அவன் கதைப் பாத்திரம் என்று தெரிந்ததும் புத்தகம் 1987இல் பறிமுதல் செய்யப்பட்டது.

கடைசியாக ஒரு திருத்தம். அர்மாவின் தலைப்பில் எழுத்துப்பிழை இருப்பது அச்சகத்தாரின் கவனக்குறைவு என்று கட்டுரையில் வந்திருக்கிறது. புரட்சிக்கு மறுநாள் காலை, எழுத்தர் கடற்கரையிலிருந்து வீடு திரும்பும் வழியில் போலீஸார் ஒரு பேருந்தை நிறுத்துகிறார்கள். காவலர் வலக்கையை மெல்ல உயர்த்தித் தன் பற்களைச் சுட்டிக் காட்டுகிறார். ஓட்டுநர் உரிமத்துக்குள் ஒரு நோட்டை மடித்துவைத்து நீட்டுகிறார். தடை விலகி, பேருந்து கிளம்புகிறது. அதன் பின்புறத்தில் ஒரு பூவைச் சுற்றி எழுதியிருக்கும் வாசகம்தான் நாவலின் தலைப்பு. பியூட்டிஃபுல் என்ற சொல்லில் 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'ஒய்' போட்டது, கதைப்படி, வண்டிக்கு எழுத்து எழுதியவர்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்