ராஜா வந்தபின் யாருக்கு யார் பதில் சொன்னார்கள்?

அன்பு மகள் கிரேஸுக்கு,

வாலிபர் வகுப்புக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்கிறது, சாமுவேல் புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். 1 சாமுவேல் 8-ம் அதிகாரத்தில் தொடங்கு. ஆனால் "ஜனங்கள் ராஜாவைக் கேட்டது பாவம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. அப்படி முடித்தால் மீதி மூன்று வாரமும் உனக்குப் பேச ஒன்றும் இருக்காது.

ராஜா வேண்டும் என்று சாமுவேலிடம் கேட்க ராமாவுக்கு வந்த மூப்பர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுடைய குறை நியாயமானது. சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்துகொண்டு பரிதானம் வாங்கினார்கள். மேற்கே பெலிஸ்தர் நெருக்கினார்கள். உடன்படிக்கைப் பெட்டியையே ஒருமுறை பறிகொடுத்தாயிற்று. இரும்புக் கருவி தீட்டக்கூட பெலிஸ்தரிடம்தான் போகவேண்டியிருந்தது என்று 13-ம் அதிகாரம் சொல்கிறது. ஊழல் ஒருபக்கம், பகை ஒருபக்கம். இன்றைக்கும் ஒரு பலமான கை வேண்டும் என்று மக்கள் கேட்பது இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான். எனவே கேட்டவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் பிள்ளைகளுக்குப் புரியவை.

அதற்கு முந்தின காலத்தைப் பொற்காலமாகவும் காட்டாதே. கொலையும் உள்நாட்டுப் போருமாக இருக்கும் நியாயாதிபதிகள் 19 முதல் 21 வரை வாசித்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். ஆனால் அமைப்பு வேறாக இருந்தது. மலைநாட்டில் சின்னச் சின்ன ஊர்கள். அகழ்ந்து பார்த்த இடங்களில் அரண்மனை இல்லை, வீடுகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வும் இல்லை. தகப்பன் வீடு, அதற்குமேல் வம்சம், அதற்குமேல் கோத்திரம். வழக்கு வந்தால் ஊர் வாசலில் மூப்பர் உட்காருவார்கள். போவாஸ் பத்து மூப்பரை உட்காரவைத்து ரூத்தின் காரியத்தை முடித்தது அந்த வாசலில்தான். நிரந்தரப் படை கிடையாது. நியாயாதிபதி தெபொராளின் பாட்டில் ரூபன், தாண், ஆசேர் எல்லாரும் போருக்கு வராததற்காகத் திட்டு வாங்குகிறார்கள். வரவழைக்க அவளிடம் ஆள் இல்லை, திட்டத்தான் முடிந்தது. மூப்பர், படைவீரன், ஆசாரியன் எல்லாரும் கூடவே வாழ்கிற சொந்தபந்தத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள். ராஜா வந்தபின் அவர்கள் ஒவ்வொருவராக மேலே பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். என் கணிப்பில் மன்னராட்சி செய்த மாற்றத்தின் சாரம் அதுதான். நான்கு வாரமும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போ.

முதல் ராஜா சவுலிடமே இந்த மாற்றம் தெரிகிறது. 1 சாமுவேல் 11-ம் அதிகாரத்தில் யாபேஸிலிருந்து செய்தி வரும்போது அவன் மாடுகளுக்குப் பின்னால் வயலிலிருந்து வருகிறான். 22-ல் அதே ஆள் கிபியாவில் கையில் ஈட்டியோடு உட்கார்ந்து, ஈசாயின் மகன் (தாவீது) உங்களுக்கு வயலும் திராட்சத்தோட்டமும் கொடுப்பானா, ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் தலைவர்களாக்குவானா என்று தன் கோத்திரத்தாரான பென்யமீனரிடம் கேட்கிறான். அப்படியென்றால் இவன் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். கொடுக்க நிலம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேள். 8:14 பதில் சொல்லும்: ராஜா உங்கள் நல்ல வயல்களையும் தோட்டங்களையும் எடுத்துத் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான் என்று சாமுவேல் அங்கே எச்சரிக்கிறார்.

தாவீதுக்கு ஒரு சின்னப் பயிற்சி. 2 சாமுவேல் 8-ன் கடைசியிலும் 20-ன் கடைசியிலும் அதிகாரிகளின் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதச் சொல். யோவாப், பெனாயா என்று பெரும்பாலும் அதே பெயர்கள்தான். இரண்டாவதில் புதிதாக வருகிறவர்களில் ஒருவனைக் கவனி: அதோராம். அவன் கட்டாய வேலைக்காரர்களுக்கு மேலாளன். இவனைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல், சீகேமில் மறுபடி வருவான். ராஜாவின் மெய்க்காப்பாளர்கள் கிரேத்தியரும் பிலேத்தியரும், எந்தக் கோத்திரத்துக்கும் உறவில்லாதவர்கள். எருசலேமும் அதுவரை எந்தக் கோத்திரத்தின் கையிலும் இல்லாத ஊர். இரண்டும் தற்செயல் அல்ல.

சாலொமோனுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கு. 1 இராஜாக்கள் 4 கணக்குப் புத்தகம் மாதிரி. தேசம் பன்னிரண்டு மண்டலம், மண்டலத்துக்கு ஒரு மணியகாரன், அரண்மனைச் சாப்பாடு ஆளுக்கு ஒரு மாதம். அவர்களில் இரண்டு பேர் ராஜாவின் மருமகன்கள். ஒரு நாள் செலவு 30 அளவு மெல்லிய மாவு, 60 அளவு மாவு, மாடு 30, ஆடு 100. மாதத்துக்குப் பெருக்கிப் பார்: 900 மாடு, 3,000 ஆடு. எபிரெயத்தில் அந்த மாவு அளவு கோர். ஒரு கோர் ஏறத்தாழ 220 லிட்டர் என்று எடுத்தால் நாளொன்றுக்கு இருபதாயிரம் லிட்டர் பக்கம் வருகிறது. சாலொமோனின் ராஜ்யம் உண்மையில் எவ்வளவு பெரியது என்பதில் அகழ்வாய்வாளர்களுக்குள் கடுமையான வாக்குவாதம் உண்டு. அதனால் இவற்றை வேதபுத்தகம் தருகிற எண்கள் என்று சொல்லியே எழுது. எண்ணைப் பாதியாகக் குறைத்தாலும் முறை மாறாது. மணியகாரன் தன் மாதத்தை நிரப்பியாகவேண்டும். ஊரில் மழை பெய்ததா என்று அரண்மனை அடுப்பு கேட்காது.

கட்டாய வேலையும் அப்படித்தான். 5-ம் அதிகாரப்படி 30,000 பேர். மாதம் 10,000 பேராக முறைவைத்து ஒரு மாதம் லீபனோன், இரண்டு மாதம் வீடு. அப்படியானால் ஒரு ஆள் வருஷத்தில் நான்கு மாதம் வெளியே. இது எவ்வளவு கனம் என்று தெரியவேண்டுமானால் கேசேர் நாள்காட்டியைக் காட்டு. கேசேர் என்ற பழைய ஊரில் 1908-ல் கிடைத்த சின்னச் சுண்ணாம்புக்கல் பலகை, கி.மு. 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சேகரிப்புக்கு இரண்டு மாதம், விதைப்புக்கு இரண்டு, பின்விதைப்புக்கு இரண்டு, சணலுக்கு ஒன்று, வாற்கோதுமை அறுப்புக்கு ஒன்று, அறுத்து அளக்க ஒன்று, திராட்சைக்கொடி வேலைக்கு இரண்டு, கோடைக் கனிக்கு ஒன்று. கூட்டினால் பன்னிரண்டு. விவசாயிக்குச் சும்மா இருக்கும் மாதமே இல்லை. ஒரு ஆம்பிளையை நான்கு மாதம் எடுத்தால் எந்த மாதத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு வேலை கெடும், கெட்டால் கடன், கடன் முற்றினால் நிலம்.

இந்த இடத்தில் சுட்டியான பிள்ளை ஒருவன் 9:22-ஐக் காட்டி, இஸ்ரவேலரை அடிமையாக்கவில்லை என்றிருக்கிறதே என்று கேட்பான். மழுப்பாதே. 5:13 இஸ்ரவேலர் எல்லாரிலும் ஆள் பிடித்ததாகச் சொல்கிறது. 11:28-ல் சாலொமோன் யோசேப்பு வம்சத்தாரின் வேலைக்கு யெரொபெயாமை மேலாளனாக வைக்கிறான். இரண்டு குரலும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன என்று நேராகச் சொல். அரண்மனைப் பதிவும் வேலைசெய்தவனின் நினைவும் ஒத்துப்போகவேண்டும் என்று கட்டாயமில்லை.

சீகேமில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பாரத்தைக் குறை என்று வடக்குக் கோத்திரத்தார் கேட்டார்கள், சாலொமோனின் மகன் ரெகொபெயாம் கூட்டுவேன் என்றான். அவன் அனுப்பிய அதோராமைக் கல்லெறிந்து கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் நிறையப் பேர் வாசிப்பதில்லை. சுமைக்கு எதிராகப் பிரிந்த வடக்கு, சுமை வேலையின் பழைய மேலாளன் யெரொபெயாமையே ராஜாவாக்குகிறது. அவன் சீகேமைக் கட்டுகிறான், பெனூவேலைக் கட்டுகிறான். கட்ட ஆள் எங்கிருந்து வந்திருக்கும்? லேவியர் அல்லாதவர்களை ஆசாரியராக்குகிறான். பின்னாளில் பெத்தேலில் தீர்க்கதரிசி ஆமோஸைத் துரத்தும் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்கிறான். ஆசாரியனும் யாருக்குப் பதில் சொல்கிறான் பார்த்தாயா.

வடக்கு ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் 1910-ல் நூறுக்கு மேற்பட்ட எழுத்துப் பானையோடுகள் கிடைத்தன, கி.மு. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்த வருஷம், இந்த ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி எண்ணெய் என்று சுருக்கமான வரிகள். அவற்றில் அபியேசேர், ஏலேக், செமீதா என்று மனாசே கோத்திரத்தின் வம்சப் பெயர்கள் வருகின்றன. நோவாள், ஒக்லாள் இரண்டும் வருகின்றன. ஆமாம், தகப்பனின் சுதந்தரம் (பரம்பரைச் சொத்து) எங்களுக்கும் வேண்டும் என்று மோசேயிடம் கேட்ட செலொப்பியாத்தின் மகள்கள்தான். எண்ணாகமம் 27-ல் நில உரிமையின் பெயர்களாக வந்தவை, இங்கே அரண்மனைக்கு ஜாடி அனுப்பும் பகுதிகளின் பெயர்கள். வம்சம் அழியவில்லை, கணக்கேட்டின் தலைப்பாகிவிட்டது.

நாபோத்தை மூன்றாம் வாரத்தின் நடுவில் வை. யெஸ்ரயேல் ஊரில் தன் திராட்சத்தோட்டத்தை ராஜாவுக்குக் கொடுக்க மறுத்ததால் கொல்லப்பட்டவன் அவன். ராஜா ஆகாபும் அவன் மனைவி யேசபேலும் கெட்டவர்கள் என்பதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். மீதி நேரத்தை 1 இராஜாக்கள் 21:8 முதல் 14 வரை செலவிடு. ராஜாவின் முத்திரை போட்ட கடிதங்கள் யாருக்குப் போகின்றன? நாபோத்தோடு அதே ஊரில் குடியிருக்கும் மூப்பருக்கும் பெரியோருக்கும். முறைப்படி உபவாசம் கூறப்படுகிறது, நியாயப்பிரமாணம் கேட்கிறபடியே இரண்டு சாட்சி, முறைப்படி ஊருக்கு வெளியே கல்லெறி. பழைய சட்டம் ஒன்றுகூட ரத்தாகவில்லை, வாசலும் மூப்பரும் அப்படியே இருக்கிறார்கள். முடிந்ததும் அவர்கள் யேசபேலுக்குத் தகவல் அனுப்புகிறார்கள். இதில் ஒரு மூப்பன்கூட எழுந்து நாபோத் என் அண்டைவீட்டான் என்று சொல்லவில்லை என்பதுதான் இந்த அதிகாரத்தில் எனக்கு மிகப் பயங்கரமான விஷயம்.

இத்தோடு விட்டால் பாடம் ஒருபக்கமாகச் சாயும். 2 இராஜாக்கள் 8-ல், பஞ்சத்தால் வெளியே போயிருந்த சூனேம் ஊர்ப் பெண் ஏழு வருஷம் கழித்துத் திரும்பிவந்து வீட்டுக்கும் வயலுக்கும் ராஜாவிடம் முறையிடுகிறாள். அவன் ஒரு அதிகாரியை அனுப்பி, இடைப்பட்ட வருஷங்களின் வருமானத்தோடு மீட்டுக்கொடுக்கிறான். மெத்சாத் அசவியாகு என்ற கடலோரக் கோட்டையில் 1960-ல் கிடைத்த ஓட்டில், கி.மு. 7-ம் நூற்றாண்டின் அறுவடைக்காரன் ஒருவன் அங்குள்ள அதிகாரிக்கு மனு எழுதியிருக்கிறான்: என் பங்கு வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் ஓசாயா என்பவன் என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான், கூட அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், திருப்பித் தரச் சொல்லுங்கள். ஊர் வாசலில் பலசாலி ஜெயித்துவிடும்போது மேலே போய் முறையிட ஓர் இடம் இருப்பது ஏழைக்கு லாபம்தான். மேலே உள்ளவன் நல்லவனாக இருக்கவேண்டும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

இன்றைய காரியத்துக்கு வரும்போது அரசியல் கட்சிகளின் பெயரைச் சொல்லாதே, வகுப்பு சண்டையாகிவிடும். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு அமைப்பை எடுத்துக்கொள்ளச் சொல்: சபைக் கமிட்டி, கூட்டுறவுச் சங்கம், வேலை பார்க்கிற அலுவலகம். பொருளாளரை நியமிப்பது யார், கணக்கைச் சரிபார்ப்பவரை நியமிப்பது யார்? இரண்டுக்கும் ஒரே ஆளின் பெயர் வந்தால் நிறுத்திப் பேசுங்கள். அவசரத்துக்காகக் கொடுத்த அதிகாரத்துக்கு முடிவுத் தேதி எழுதியிருக்கிறதா? பெலிஸ்தருக்காக வந்த ராஜா பெலிஸ்தர் அடங்கியபின் வீட்டுக்குப் போகவில்லை. உறுப்பினர்களின் பிரதிநிதி கடைசியாக எப்போது தலைவரிடம் "முடியாது" என்றார், அதன்பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? தலைவர் நல்லவரா என்று கேட்டால் அரைமணி நேரம் வீணாகும். இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வரும்.

கடைசி வாரத்துக்கு எசேக்கியேல் 45, 46. ராஜாவும் ஆலயமும் போய், பாபிலோனில் உட்கார்ந்திருந்த தலைமுறைக்கு வந்த தரிசனம் அது. அதில் அதிபதி ஒருவன் இருக்கிறான், ஆனால் அவனுக்கென்று நிலம் முதலிலேயே அளந்து ஒதுக்கியாயிற்று. தன் பங்கிலிருந்து வேலைக்காரனுக்குக் கொடுத்தாலும் விடுதலையின் வருஷத்தில் அது அவனிடமே திரும்பிவிடும். ஜனங்களின் சுதந்தரத்திலிருந்து எதையும் எடுத்து அவர்களை வெளியே தள்ளக்கூடாது என்று 46:18 கட்டுகிறது. அதை 1 சாமுவேல் 8:14-க்கு எதிரே வைத்து இரண்டு பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல். நீ விளக்கம் சொல்ல அவசரப்படாதே, அவர்களே பேசட்டும்.

வரைபடத்தில் ராமா, கிபியா, சீகேம், சமாரியா, யெஸ்ரயேல் ஐந்தையும் குறித்து வைத்துக்கொள். பாதிப் பேருக்கு யெஸ்ரயேல் என்பது ஊர் என்றே தெரியாது. அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா