சார்பேட் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்ததும் அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு நடக்கிறார். நீ வாட்ஸாப்பில் கேட்டதற்கு ஆடியோ அனுப்பலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பேசப் பேச நீண்டுகொண்டே போனது. பஸ்ஸில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை மறந்துவிடுவாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

ஆன்லைனில் பொட்டாசியம் சார்பேட் ஒரு பாக்கெட் வாங்கியிருக்கிறாய். நீ கிண்டும் தக்காளித் தொக்கு, வீட்டு ஓனர் தாத்தா ஆப்பிள் சாற்றைப் புளிக்கவிட்டு வடிக்கும் மோஸ்ட் என்கிற மது, நீயும் ரூம்மேட்டும் செய்யும் கற்றாழைக் கிரீம், மூன்றிலும் ஒரு ஸ்பூன் போட்டால் கெடாதா என்று கேட்கிறாய். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தொக்குக்கு வேண்டாம். மோஸ்ட்டுக்குப் போடலாம், ஆனால் அது மட்டும் போதாது. கிரீமுக்கு அதைத் தனியாக நம்பவே நம்பாதே. "ஒரு ஸ்பூன்" என்ற அளவு மூன்றுக்குமே கிடையாது.

காரணம் தெரிந்தால் நாளைக்கு நாலாவது சாமானுக்கு என்னைக் கேட்க வேண்டியிருக்காது. சார்பேட் என்பது சார்பிக் அமிலத்தின் உப்பு. அந்த அமிலம்தான் பூசணத்தையும் ஈஸ்ட்டையும் பெருகவிடாமல் நிறுத்தும். கொல்லும் என்று நினைக்காதே. நாம் போடும் அளவில் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. அதுவும் புளிப்பு இருந்தால்தான். புளிப்பான இடத்தில் அந்த மூலக்கூறு பிரியாமல் முழுசாக இருக்கும். முழுசாக இருப்பதுதான் ஈஸ்ட்டின் தோலைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே போனதும் பிரிந்து அமிலத்தைக் கக்கும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிறவன் மாதிரி அந்த ஈஸ்ட் அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், வளரத் தெம்பு இருக்காது. புளிப்பை அளக்கிற எண்தான் பிஹெச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஹெச் 3.5 என்றால் போட்டதில் சுமார் 95 சதவீதம் வேலைக்கு வரும். 4.76-இல் சரிபாதி. 6-க்குப் போனால் 5 சதவீதம்தான் மிஞ்சும். 7-இல் நீ போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். பாக்டீரியா விஷயத்தில் எந்த பிஹெச்சிலும் இது அரைகுறைதான்.

அமிலமாக வாங்காமல் ஏன் பொட்டாசியம் உப்பாக விற்கிறார்கள் என்றால், சார்பிக் அமிலம் 100 மில்லி தண்ணீரில் அரைக்கால் கிராமுக்குக் கொஞ்சம் கூடத்தான் கரையும். உப்போ ஐம்பது கிராமுக்கு மேல் கரையும். ஆனால் அந்தப் பொடியை நேராகப் புளிப்புச் சாற்றில் கொட்டிவிடாதே. கொட்டிய இடத்திலேயே மறுபடி அமிலமாக மாறி, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துகொள்ளும். லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் முழுக்கக் கரைத்துக்கொள். பிறகு சாற்றைக் கிளறிக்கொண்டே நூல் மாதிரி விடு. அமிலம் ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தால் அதைக் கடைசியில் சேர். கரைத்து வைத்த தண்ணீரை அடுத்த மாதத்துக்கு என்று எடுத்தும் வைக்காதே. காற்றுப் பட்டுப் பட்டு மஞ்சளாகிப் பழுப்பாகிவிடும்.

இப்போது தொக்கு. வேண்டாம் என்கிறேன், பயத்தினால் இல்லை, தேவையில்லாததனால். தக்காளியிலும் புளியிலும் இருக்கும் புளிப்பு, உப்பு, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை கிண்டுவது, இவ்வளவும் சேர்ந்துதான் அது நிற்கிறது. பக்கத்தில் சடசடவென்று வெடிக்கிற சத்தம் அடங்கி, ஓரத்தில் எண்ணெய் தனியாக நிற்கும்போது இறக்கு. உன் தொக்கு கெட்டது என்றால் நீ அவசரமாக இறக்கியிருப்பாய், இல்லை ஈரக் கரண்டி போட்டிருப்பாய். இரண்டுக்கும் சார்பேட் மருந்தில்லை. சின்ன பாட்டில்களாகப் போட்டு ஃப்ரிட்ஜில் வை. இன்னொன்று, இதோடு சேராத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் வீடியோ எல்லாம் பார்க்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. புளிப்பில்லாத, காற்றில்லாத இடத்தில் வளர்கிற, பாட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு விஷத்தை உண்டாக்கும் கிருமிக்கு அது நல்ல இடம். வாடையும் வராது, நுரையும் வராது.

நான் இருந்த மாங்கூழ் கம்பெனியில் டிரம் டிரம்மாகப் போகிற கூழுக்கு எந்தப் பிரிசர்வேட்டிவும் கிடையாது. கொதி, கிருமியில்லாத பை, காற்றுப் புகாத மூடி, அவ்வளவுதான். ஸ்குவாஷ் லைனில்தான் பிரிசர்வேட்டிவ் பேச்சே வரும். ஒரு சீசனில் குடோனில் அடுக்கிய ஸ்குவாஷ் பாட்டில் மூடிகள் உப்ப ஆரம்பித்தன. அதில் போட்ட பென்சோயேட் என்ற பிரிசர்வேட்டிவின் அளவு எங்கள் ரிப்போர்ட்டில் சரியாகத்தான் இருந்தது. மேலே இருந்தவர் "டோஸை டபுள் பண்ணுங்கள்" என்றார். சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது என்பது ஒரு பக்கம். டபுள் பண்ணினாலும் நிற்காது என்பது இன்னொரு பக்கம். சைகோசாக்கரோமைசிஸ் பெய்லி என்று ஒரு ஈஸ்ட் இருக்கிறது. சர்க்கரை, புளிப்பு, பென்சோயேட், சார்பேட் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வளரும். பாட்டில் நிரப்பும் இடத்து ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். வளைவில் பழைய பாகு வழவழவென்று ஒட்டியிருந்தது. குழாயை மாற்றி, சுடுநீர் விட்டுக் கழுவும் நேரத்தைக் கூட்டிய பிறகுதான் மூடிகள் அடங்கின. பிரிசர்வேட்டிவ் என்றாலே எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வரும்.

தாத்தாவின் மோஸ்ட்டுக்கு வருகிறேன். (இந்தப் பத்தியை அப்பாவிடம் காட்டவில்லை.) அவர் இனிப்புச் சேர்க்காமல், முழுக்கப் புளிக்கவிட்டுக் குடிப்பவர் என்றால் சார்பேட்டே வேண்டாம். கடைசியில் சர்க்கரையோ ஆப்பிள் சாறோ சேர்த்து இனிப்பாக்குகிறார் என்றால்தான் சிக்கல். அடியில் மிச்சம் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று மறுபடி நுரைக்கும், பாட்டில் வெடிக்கும். அங்கேதான் சார்பேட் உதவும். நுரைத்துக்கொண்டிருக்கும்போது போட்டால் ஒரு பயனும் இல்லை. புளித்து முடிந்து, வண்டல் படிந்து, தெளிந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகு போட வேண்டும். ஐரோப்பாவில் ஒயினுக்கு வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம் சார்பிக் அமிலம். பொட்டாசியம் உப்பாக அளந்தால் சுமார் 270 மில்லிகிராம். 10 லிட்டர் ஜாடிக்கு இரண்டரை கிராம் போதும். ஸ்பூனால் அளக்காதே, நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக டிஜிட்டல் தராசு கிடைக்கும், அதை வாங்கு.

அதோடு கந்தகம் உள்ள உப்பு ஒன்றும் சேர வேண்டும், நாம் ஸ்குவாஷுக்குப் போடும் அதே கே.எம்.எஸ்.தான், அதாவது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். ஏன் என்று கேள். ஈஸ்ட்டைத் தடுத்து வைத்தாலும், தயிரைப் புளிக்க வைக்கிற இனத்து பாக்டீரியாக்களை சார்பேட் தடுக்காது. அவை சார்பிக் அமிலத்தையே உருமாற்றிவிடும். அது மதுவோடு சேர்ந்து ஒரு வாடையைக் கிளப்பும். உங்கள் ஊர் பால்கனியில் எல்லாம் ஜெரேனியம் தொங்குகிறதே, அதன் இலையைக் கசக்கி மோந்து பார், அதே வாடை. ஒயின்காரர்களும் அந்தப் பூவின் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கோளாறைக் குறிப்பிடுவார்கள். வந்த பிறகு போக்க வழியில்லை, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். தாத்தாவின் ஒரு வருஷத்து ஆப்பிளைக் கொட்ட வைத்த பேர் உனக்கு வேண்டாம்.

சீஸிலும் இப்படி ஒன்று உண்டு. சார்பேட் போட்ட சீஸில் சில பூசணங்கள் அதையே தின்று, ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி வாடையடிக்கிற ஒரு பொருளைக் கழிக்கும். என்றைக்காவது சீஸ் பாக்கெட்டைப் பிரித்ததும் அந்த வாடை வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடு.

சார்பேட் சேர்த்த ரொட்டியின் கவரைப் படம் எடுத்து அனுப்பி, இதைத் தின்றால் கேன்சர் வருமா என்று கேட்டிருந்தாய். நீ படித்த செய்தி பென்சோயேட்டைப் பற்றியதாக இருக்கும். அதுவும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் இருந்தால் துளி அளவு பென்சீன் உண்டாகலாம் என்பது உண்மைதான். சார்பேட்டுக்கு அந்தக் குணம் இல்லை. அதை உடம்பு மற்ற கொழுப்பமிலங்களைப் போலவே எரித்துவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கு உட்கொள்ளலாம் என்ற அளவை 2015-இல் தாற்காலிகமாக உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று இறுக்கி, புது ஆய்வைப் பார்த்த பிறகு 2019-இல் 11 என்று உயர்த்தியது. உன் 55 கிலோவுக்கு நாளொன்றுக்கு 605 மில்லிகிராம். வெட்டி அடைத்து விற்கும் ரொட்டிக்கு அங்கே உச்சவரம்பு கிலோவுக்கு 2000 மில்லிகிராம். வரம்பு முழுக்கப் போட்டிருந்தாலும் 100 கிராம் ரொட்டியில் 200-தான். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வேளையும் ரொட்டியும் பாக்கெட் சீஸும் தின்பதைப் பற்றி எனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது, அது போனில்.

இயற்கையா செயற்கையா என்ற உன் ரூம்மேட்டின் சண்டைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவோரத்தில் செப்டம்பரில் சிவப்புக் கொத்தாகக் காய்க்கிற ரோவன் மரம் இருக்குமே, அதன் காயிலிருந்துதான் இதை முதலில் எடுத்தார்கள். எடுத்தவர் ஹோஃப்மன் என்ற ஜெர்மானியர், 1859-இல், அப்போது அவர் லண்டனில் இருந்தார். பூசணத்தைத் தடுக்கும் என்பது 1939, 40 வாக்கில்தான் தெரிந்தது. இன்றைக்கு வருவது முழுக்கத் தொழிற்சாலைச் சரக்கு. காயிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். "ரோவன் பழத்திலிருந்து" என்று எழுதி இரட்டை விலை வைக்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

கிரீம்தான் எனக்குக் கவலை. நீங்கள் கற்றாழைச் சோற்றை வழித்துத் தண்ணீரோடு எண்ணெயைக் கடைகிறீர்கள். தண்ணீர் இருந்தால் பாக்டீரியா வரும். பார்வைக்கும் மோப்பத்துக்கும் நன்றாக இருக்கும்போதே உள்ளே பெருகியிருக்கும். அதைக் கண்ணோரத்தில் தடவுவீர்கள். இந்த இடத்தில் சார்பேட் தனியாக நிற்காது. பிஹெச் காகிதம் வாங்கி அளந்து பாருங்கள். 5-க்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக வைத்து, ஃபினாக்ஸிஎத்தனால் மாதிரி பாக்டீரியாவைப் பார்த்துக்கொள்ளும் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அது 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சார்பேட்டுக்கு அங்கே வரம்பு அமிலமாகக் கணக்கிட்டு 0.6 சதவீதம், 100 கிராம் கிரீமுக்கு உப்பு 0.8 கிராம். கூட்டிப் போட்டால் தடவிய சில நிமிஷத்தில் கன்னம் சிவந்து எரியும். வரம்புக்குள் போட்டாலும் சிலருக்கு வரும். அலர்ஜி இல்லை, பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கையில் தடவிப் பார்த்தபோது ஒன்றும் இல்லாமல் முகத்தில் மட்டும் வரலாம்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் தண்ணீரே இல்லாத தைலமாகச் செய்யுங்கள், தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, அவ்வளவுதான். அதற்குச் சார்பேட் வேண்டாம். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க வைட்டமின் ஈ கொஞ்சம் போதும். ஈரக் கையை மட்டும் டப்பாவுக்குள் விடாதீர்கள். கிறிஸ்துமஸ் சந்தையில் விற்கலாம் என்று ரூம்மேட் சொல்வதாக எழுதியிருந்தாய். ஐரோப்பாவில் கிரீம் விற்பதற்குத் தகுதியுள்ளவர் கையெழுத்திட்ட பாதுகாப்பு அறிக்கையும், விற்கும் முன் பதிவும் கட்டாயம். அது கையில் இல்லாமல் தோழிகளுக்குக் கூடக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்காதே.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. உணவுத் தரம் என்று போட்டிருக்கிறதா, தேதி என்ன என்று பார்க்க வேண்டும். அதுவரை பாக்கெட்டில் கை வைக்க வேண்டாம் என்று தாத்தாவிடம் சொல்.

அன்புடன்,
அம்மா