கிதார் கம்பியில் மின்சாரம்: ஆம்ப்ளிஃபயரை மாற்றித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய 40 வாட் கிதார் ஆம்ப்ளிஃபயரில் எர்த் இணைப்பு இல்லாதது தொடர்பாக

ஐயா,

வணக்கம். நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்காக 14,500 ரூபாய் கொடுத்துத் தங்களுடைய ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன். இதுவரை ஐந்து புகார் எண்கள் கிடைத்திருக்கின்றன, தீர்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் போனை எடுக்கிறார், நான் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனவே ஒரே முறையாக எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மகன் சர்ச் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் ஒத்திகை. தரை துடைத்து ஈரம் காயவில்லை, அவன் வெறுங்காலில் நின்றான். பாட ஆரம்பித்து உதடு மைக்கில் பட்டதுமே அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். மைக் ஸ்டாண்டு விழுந்தது. கிதாரின் கழுத்தைப் பிடித்திருந்த இடது கை விரல்கள் நெடுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தன. அவன் தாய் அந்த விரல்களைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

எங்கள் தெருவில் முப்பது வருடமாக வயரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி வந்து கிதாரின் ஆறாவது கம்பியில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. கம்பிக்கும் மைக்குக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் 112 வோல்ட் காட்டியது. பிறகு பிளக்கின் பெரிய பின்னில் (எர்த் பின்) மீட்டரின் ஒரு முனையையும், பெட்டியின் பின்புற உலோகத் தகட்டில் மறுமுனையையும் வைத்தார். இணைப்பு இருந்தால் வரும் பீப் சத்தமே இல்லை. பவர் கார்டைக் கழற்றித் தனியாகப் பார்த்தால் சத்தம் வருகிறது. அதாவது கார்டு நன்றாக இருக்கிறது. பெட்டிக்குள் எர்த்துக்கான பச்சை மஞ்சள் ஒயர் தகட்டில் சேரவே இல்லை. வாரண்டி சீல் இருப்பதால் நாங்கள் திறக்கவில்லை. உள்ளே அது எந்த ஸ்க்ரூவில் மாட்டப்பட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் ஊழியர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலாமவர், "பெரிய பின்னை வெட்டிவிட்டு டூ பின்னாக மாட்டுங்கள், ஹம் சத்தமும் போய்விடும்" என்றார். உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் அதைச் செய்யக் கூடாது என்று நீங்கள்தான் அச்சடித்திருக்கிறீர்கள்! இன்னொருவர், லீக்கேஜ் இருந்தால் வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்திருக்குமே என்றார். அது 30 மில்லி ஆம்பியருக்கு விழுவது. அதற்கும் குறைவான மின்சாரத்திலேயே கை இறுகிக்கொள்ளும், விட முடியாது. மூன்றாவதாகப் பேசிய பெண்மணியை என்னால் மறக்க முடியாது. நான் பாதி சொல்லும்போதே, "பையனைச் செருப்புப் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள் சார், இதற்கெல்லாமா புகார்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இதற்கெல்லாமா? 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டிலேயே கிதார் வாசிக்கும்போது இறந்தார். கிதார் கம்பிகள் கேபிள் வழியாக உங்கள் பெட்டியின் தகட்டோடுதான் சேர்ந்திருக்கின்றன. இன்று அதில் வருவது கசிவு மின்சாரம். நாளை உள்ளே இன்சுலேஷன் போனால் 230 வோல்ட்டும் கம்பியில் வந்து நிற்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் என் மகன் தொடும்வரை எதுவும் போகாது. ஆம்ப்ளிஃபயர் விற்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே!

மதுரைப் பயணத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இல்லை என்றீர்கள். 16 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடசேரியில் அதிகாலை 4 மணி பஸ் பிடித்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோவுக்கு 250 ரூபாய் கொடுத்துப் போனேன். டெக்னீஷியன் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்கு வந்தார். செல்போனைச் சொருகி ஒரு பாட்டை ஓடவிட்டு, "சத்தம் நன்றாகத்தானே வருகிறது" என்று சொல்லி, "குறை ஏதும் இல்லை" என்று சீட்டு எழுதினார். பிளக் பின்னிலிருந்து தகட்டுக்கு மீட்டரை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை என்று கெஞ்சினேன். வைக்கவில்லை. பரிசோதனைக் கட்டணம் என்று 590 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரவு பதினொன்றரைக்கு அதே பெட்டியோடு வீடு திரும்பினேன். எனக்கு வயது 61.

மகன் இப்போது கிதாரைத் தொடுவதே இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வேறு பையனைச் சேர்த்துவிட்டார்கள். ஆறு வருடம் கற்ற கலை, அவனுடைய எதிர்காலமே உங்கள் ஒரு ஸ்க்ரூவால் பாழாகிவிட்டது. இந்த இழப்புக்கு ஐந்து லட்சம் கேட்டாலும் தகும்.

ஆனால் நான் சண்டைக்காக எழுதவில்லை. பெட்டியை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு வேறு புதியது தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 590 ரூபாயும் வர வேண்டும். புதியதை அனுப்பும் முன் எர்த் தொடர்ச்சியைப் பரிசோதித்ததாகக் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதே தொகுப்பில் விற்ற மற்றப் பெட்டிகளையும் திரும்ப வரவழைத்துப் பாருங்கள்; அவற்றையும் ஏதோ ஒரு பிள்ளைதான் வாசித்துக்கொண்டிருப்பான்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வருவது உங்கள் வேலை. பில், அந்தச் சீட்டு, மீட்டர் அளவின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு மேல் போனில் கிடைப்பேன். செருப்புப் போடச் சொன்ன அந்தப் பெண்மணி மட்டும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்