மூணு நம்பர் சீட்டு: கணவருக்கு மனநல ஆலோசனை கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்
பெயர், முகவரி தனித்தாளில் இணைத்துள்ளேன். (வீட்டில் தெரிய வேண்டாம்.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: மூணு நம்பர் லாட்டரியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல ஆலோசனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன மழைக்குச் சாக்கடை உடைந்தபோது தாங்கள் நேரில் வந்து பார்த்த தறிப்பட்டறைத் தெருவில்தான் குடியிருக்கிறேன். அன்றைக்குத் தங்கள் வண்டி நின்ற டீக்கடைக்குப் பின்னால்தான் சீட்டு எழுதுகிறார்கள்.

1. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆனால் மதியம் 3 மணிக்குத் திருவனந்தபுரத்தில் குலுக்கல் என்றால் எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைகிறது. கேரளச் சீட்டின் முதல் பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கம்தான் இங்கே பந்தயம். கேரளச் சீட்டை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. துண்டுக் காகிதம், இப்போது வாட்ஸ்அப்.

2. எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்துப் போனார்கள். ஒரே வாரத்தில் அந்த இடத்தில் வேறொருவர்.

3. என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். சனிக்கிழமை கூலி வாங்கினால் ஞாயிறு இரவுக்குள் பாதி போய்விடும். ஒரு சீட்டு 60 ரூபாய், மூன்று எண்ணும் விழுந்தால் 25,000. மொத்தம் ஆயிரம் எண்கள். ஆயிரத்தையும் வாங்கினால் 60,000 ரூபாய், கையில் வருவது 25,000. எட்டாவது படித்த எனக்கே கணக்கு புரிகிறது, அவருக்கும் புரியும். ஆனாலும் எதைப் பார்த்தாலும் அவருக்கு நம்பர்தான். கரண்ட் மீட்டர், ரேஷன் கார்டு, எதிரே வரும் ஆம்புலன்ஸ். மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு எண்ணை வைத்து 20 சீட்டு எழுதினார். அந்த 1,200 ரூபாய் அவளுடைய கண்ணாடிக்காக அரிசி டப்பாவில் வைத்திருந்தது ஐயா. பரீட்சை அன்று பிள்ளை கேள்வித்தாளை மூக்கோடு ஒட்டிப் படித்திருக்கிறாள். அப்புறம், என் இரண்டாவது மனுவுக்குக் கொடுத்த ரசீதின் கடைசி மூன்று எண்ணையும் வைத்துப் பார்த்தார். அதுவும் விழவில்லை. மனுவுக்கும் பதில் இல்லை, நம்பருக்கும் பதில் இல்லை என்றால் நான் எங்கே போவது?

4. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். சூதாட்டமும் நோய்தான், உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்றார்கள். அவரே பேசினால் நல்லது என்றும் சொன்னார்கள். போனை நீட்டினால் எழுந்து போய்விடுகிறார். “எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்கிறார். குடிக்கிறவரைக் கூட்டிப்போக இடம் இருக்கிறது, இவரை எங்கே கூட்டிப்போவது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

5. அவரை ஜெயிலில் போடச் சொல்லவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் ஒருவர் வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, எங்கள் சுகாதார நிலையத்துக்கு வரட்டும். மற்ற நாளில் வந்தால் தறி நிற்கும், கூலி போகும், யாரும் வரமாட்டார்கள். பி.பி. பார்க்கிற அதே வரிசையில் உட்காரவைத்தால் கூச்சமில்லாமல் வருவார். கூலியில் பாதியை வீட்டுப் பெண்கள் கையில் கொடுக்கும்படி பட்டறைக்காரர்களுக்கும் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பார்கள். சாக்கடைக்குச் சொன்னீர்கள், மறுநாளே ஆள் வந்ததே! ஒரு டாக்டருக்கு மூன்று மனுவா ஐயா?

கோபத்தில் எழுதியதை மன்னிக்கவும். டாக்டரை அனுப்புங்கள். தயவுசெய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

குறிப்பு: இந்த மனுவுக்கு ரசீது வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளட்டும், வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன்.