எழுந்து போனால் போதுமா?

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள வேலுச்சாமி,

கடிதம் கிடைத்தது. மின்சார ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர் பதவிக்கு உன் பெயர் அடிபடுகிறது என்று படித்ததும் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். உங்களுக்கு இருக்கிற சர்க்கரைக்குப் பாயசம் ஒரு கேடா என்றுவிட்டாள். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். ஆழியாற்றுத் தண்ணீர்தான் இந்த முறையும் தாமதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் சோலார் கம்பெனி நடத்துகிறாரே, ஆணையத்தின் முன் அவர் கேஸ் வருகிற அன்று எழுந்து வெளியே போய்விட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். இந்த வக்கீல் குமாஸ்தாவின் பதில்: போதாது.

கிரைபக் வழக்கு என்று ஒன்று, 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காஷ்மீரில் இந்திய வனப்பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒரு அதிகாரி. அந்தப் பணிக்கு அவரும் ஒரு போட்டியாளர். தன் பெயர் வந்தபோது குழுவில் உட்காரவில்லை. போட்டியாளர்களின் பெயர் வந்தபோது நாற்காலியை விட்டு நகரவில்லை. பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று நினைக்கிறாய்? அவருடையதேதான். நிஜமாகவே பாரபட்சம் காட்டினாரா என்று கோர்ட் துருவவில்லை. காட்டக்கூடும் என்று நம்ப இடமிருந்தாலே போதும் என்று தேர்வையே ரத்து செய்தது.

உன் நிலைமை அதைவிடச் சிக்கல். வீட்டுக்கூரை சோலாரில் மிஞ்சும் மின்சாரத்தை லைனுக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் முறைக்கு விதி எழுதுகிற அன்று எந்தக் கம்பெனியின் பெயரும் மேசைமேல் இருக்காது. மருமகனின் லாபநஷ்டம் மட்டும் அதற்குள் இருக்கும். அன்றைக்கு எழுந்து போவாயா, உட்காருவாயா? இங்கே தலைமடை வயல்காரர் தண்ணீர் முறை போட்டால், நியாயமாகவே போட்டாலும் கடைமடைக்காரன் நம்புவதில்லை.

2003 மின்சாரச் சட்டப்படி, கடமையைப் பாதிக்கக்கூடிய பணத்தொடர்பு உண்டா என்று தேர்வுக் குழு சிபாரிசுக்கு முன்பே பார்க்க வேண்டும். பதவியில் இருக்கும்போது அப்படி ஒன்று சேர்ந்தால் நீக்கவும் வழி இருக்கிறது. பதவி முடிந்த பிறகும் 2 வருடம் மின்துறைக் கம்பெனி எதிலும் வேலை ஏற்கக் கூடாது. ஆகவே அப்புறம் மருமகன் ஆபீஸில் போய் உட்காரலாம் என்ற உன் கணக்கும் உடனே நடக்காது.

எனக்கு உறுப்பினர்களைவிட ஊழியர்கள்மேல்தான் கண். நீ எழுந்து போனாலும் உன் முன்னால் இருக்கிற குறிப்பை எழுதியவன் செக்‌ஷனில்தான் இருப்பான். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964), குடும்பத்தினர் வேலை பார்க்கும் கம்பெனியின் ஃபைலைத் தொடாமல் மேலதிகாரியிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஆனால் உறுப்பினரின் உறவை ஊரே பேசும். கிளார்க்கின் மச்சான் யாரென்று யார் விசாரிக்கிறார்கள்?

அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. மருமகனின் கம்பெனி, மகள் பெயரில் உள்ள பங்கு, நீ போட்ட பணம் எல்லாவற்றையும் எழுதித் தேர்வுக் குழுவுக்கு நீயே முதலில் கொடுத்துவிடு. பதவி போனால் போகட்டும்.

ஓணத்துக்கு வருவதானால் வேலந்தாவளம் வழியாக வா, வாளையார் ரோட்டில் லாரி நெரிசல். வரும்போது தேர்வுக் குழுவுக்கு எழுதுவதன் நகலையும் எடுத்து வா, ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சிவராமன்