மொறிஸ் மைனர் வாங்கிய மகளுக்கு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சிசி எஞ்சின். நல்ல காராகத்தான் எடுத்திருக்கிறாய். "அந்தக் குளிருக்குள் இவளுக்கு ஏன் இந்த வேலை" என்று அம்மா கேட்கிறா. எனக்கு வந்த சந்தோஷத்தில் இரவு நித்திரையே இல்லை.

என்னென்ன சாமான் ஓடர் பண்ணவேண்டும் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளை. பிரித்தானியக் கார்களில் முதன்முதலாக 10 லட்சம் கார்கள் என்ற கணக்கைத் தொட்டது இந்த மைனர்தான், 1960 டிசம்பரில். அதனால் அங்கே இதற்குச் சாமான் தாராளமாகக் கிடைக்கும், வீட்டு வாசலுக்கே வரும். அதுதான் எனக்குப் பயம். சந்தேகப்பட்டதை எல்லாம் மாற்றிக்கொண்டு போனால் காசும் போகும், பழுது எதுவென்றும் கடைசிவரை தெரியாது.

எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. 1990இல் சண்டை மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சாமானும் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் காலத்து எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் தாக்குப் பிடித்தன. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். ஒயிலை விரலிடையே தேய்த்துப் பார்த்தே அது இன்னும் தாங்குமா என்று சொல்லப் பழகினோம். தேய்ந்த புஷ்ஷை, அதாவது அசையும் பாகங்களுக்கு இடையே இருக்கும் வளையத்தை, லேத் பட்டறையில் கடைந்து போட்டோம். பழுதைக் கண்டுபிடிக்காமல் எவரும் ஸ்பனரைத் தூக்கியதில்லை. முற்றத்தில் நிற்கும் எங்கள் ஒஸ்ரின் ஏ40 இன்றைக்கும் ஓடுவது அந்தப் பழக்கத்தால்தான்.

பல வருடமாக நின்ற கார் என்கிறாய். சாவியைத் திருப்பிப் பார்க்க ஆசை வரும், திருப்பாதே. எஞ்சினில் நெருப்புப் பொறி கொடுக்கும் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு விட்டுவிடு. மறுநாள் முன்பக்கக் கைபிடியைப் போட்டுக் கையால் ஆறுதலாகச் சுற்று. இறுக்கமில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை போச்சு. பழைய பெற்றோலை முழுவதும் வடித்துவிடு. பற்றரி பூட்ட முன் ஒன்றைக் கவனி: இந்தக் கார்கள் செய்து வந்தபோது பற்றரியின் பிளஸ் பக்கம்தான் காரின் இரும்பு உடம்பில் இணைந்திருக்கும். இடையில் வைத்திருந்தவர் யாராவது மாற்றியும் இருக்கலாம், பார்த்து நிச்சயப்படுத்து.

பிறகு சாவியைப் போட்டுவிட்டுக் காது கொடு. பெற்றோல் பம் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்கவேண்டும். ஓயாமல் அடித்தால் ஒன்றில் பெற்றோல் வரவில்லை, அல்லது எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது காபரேற்றரின் ஊசி மூடவில்லை. சத்தமே இல்லையென்றால் முதலில் வயரைப் பார். அதில் கரன்ட் வந்தால், பம்முக்குள் கரன்ட்டைத் தொட்டு விடும் பொயின்ற் கருகியிருக்கக்கூடும். ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் உயிர் வரும். பொயின்றைத் துப்புரவாக்கினாலே போதும், அதற்காகப் புதுப் பம் வாங்காதே. பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரில் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. பிளக் வயர்களின் ஒழுங்கு 1, 3, 4, 2.

எஞ்சின் பிடித்துவிட்டதென்று றோட்டில் இறக்கிவிடாதே. பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. ரப்பர் குழாய், சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிது வாங்கு, அதற்குக் காசு வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன். பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. ஒழுகினாலும் கண்ணில் படாது. மூடியைத் திறந்து பார்த்துப் பழகு.

இன்னொன்று, முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரனியன், அதாவது சக்கரம் திரும்ப உதவும் புரியுள்ள மூட்டு. அதன் புரி தேய்ந்தால் சக்கரம் அப்படியே மடிந்து விழும். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்துக்குக் கீழே கம்பி கொடுத்து நெம்பிப் பார். மேலும் கீழும் ஆடினால் மாற்றித்தான் ஆகவேண்டும். ஆடாவிட்டால், சக்கரம் தூக்கியபடியே இருக்க, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை புதுக் கிறீஸ் அடி. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே, ஸ்ராண்ட் வை.

துரு எங்களுக்குக் கடல் காற்றில் வந்தது, உனக்கு மாரியில் றோட்டில் போடும் உப்பில் வரும். பின் வில்லுகள் பூட்டியிருக்கும் இடத்தை ஸ்குறூ டிறைவரால் குத்திப் பார்த்துப் படம் அனுப்பு.

எதையாவது மாற்றினால், அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடு. கொப்பியில் திகதி போட்டு எழுதி வை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், ஃபோனை போனற்றுக்குக் கிட்டப் பிடித்துச் சத்தத்தைப் பதிந்து அனுப்பு. குளிராக ஒரு தடவை, சூடான பிறகு ஒரு தடவை. வால்வுச் சத்தம் கூடவா என்று கேட்டுவிட்டு, இடைவெளி எடுக்கும் முறையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா