எந்தக் கரையின் கல்?

பீகிள் கால்வாய்,
டிசம்பர்

அன்புள்ள ராமநாதா,

ஆறு மாதமாக எழுதாதவனுக்கு நீ வைத்திருக்கும் வசவுகளை மொத்தமாக ஏற்றுக்கொள்கிறேன். அண்டார்க்டிகாவில் போர்ட் லாக்ராய் என்ற இடத்து அஞ்சலகத்திலிருந்து உனக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கிறேன். அது ஃபாக்லாந்துத் தீவுகள் வழியாகப் பிரிட்டன் சென்று வந்துசேர வேண்டும் என்பதால், இக்கடிதமே முந்திக்கொள்ளும். பனிக்கட்டி பார்க்கக் குளிர்பெட்டியைத் திறந்தால் போதாதா என்று கேட்ட சந்தானத்துக்குப் பதிலை நேரில் சொல்கிறேன்.

அண்டார்க்டிகாவை விட்டுக் கிளம்பியபின் டிரேக் நீரிணை இரண்டு நாள் எங்களைப் புரட்டி எடுத்தது. இன்று கால்வாய்க்குள் நுழைந்ததும் கப்பல் ஆட்டத்தை நிறுத்தியது. எல்லோரும் மேல்தளத்தில் கூடி, ஒரு மரம்கூட இல்லாத உலகிலிருந்து வந்தவர்களாய், கரையிலிருந்து வந்த ஈர இலை வாசனையை மாறி மாறி மூச்சிழுத்துக்கொண்டிருந்தோம். நாளைக் காலை அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்தில் இறங்க வேண்டும். மாலையே அடுத்த கூட்டம் ஏறிவிடுமாம். இரவலாகத் தந்த ரப்பர் காலணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். என் எட்டாம் எண் ஜோடியை நாளை வேறொருவர் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தபோது, வாடகை வீட்டைக் காலி செய்வது போலிருந்தது.

ஆனால் என்னை வாட்டுவது வேறு. புறப்பட்ட அன்று, வெளியூர் விதை எதுவும் அங்கே போய்விடக் கூடாது என்று எங்கள் பைகளையெல்லாம் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்தார்கள். என் பை மடிப்பிலிருந்து கமலா கட்டிக்கொடுத்த முறுக்கின் எள் ஒன்று வெளிவந்தது. பூக்கும் செடி இரண்டே வகைதான் தானாக வளரும் அந்த நிலத்துக்கு அவ்வளவு காவல். அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்பதும் அதே அளவு கண்டிப்பு. இன்று மூட்டை கட்டும்போது, என் மழைக்கால்சட்டையின் மடிப்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கருங்கல் கிடந்தது.

ஜென்டூ பெங்குவின்கள் இத்தகைய கற்களைக் குவித்துத்தான் கூடு கட்டுகின்றன. ஒன்று எங்கோ பார்க்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பறவை கல்லைக் கவ்விக்கொண்டு நழுவுவதை, ஐந்து மீட்டர் தள்ளி நின்று நாங்கள் சிரித்துப் பார்த்திருக்கிறோம். அந்தத் திருட்டுக் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் விளையாட்டாகச் சொல்லிக் கல்லை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "எந்தக் கரையில் ஏறியது?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, ராமநாதா. நெக்கோ கரையா, குவெர்வில் கரையா? இரண்டு இடத்திலும் கருங்கல், பனி, அதே பறவைகள், அதே நாற்றம். ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம் நின்று நூற்றுக்கணக்கில் படம் எடுத்தவன், ஒரு கல்லை அதன் கரையோடு சேர்த்துச் சொல்ல முடியாமல் நின்றேன். வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்ட இடத்தைப் பார்த்தேனா, கடந்தேனா என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் கல்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்தவரின் காலணியை எண்ணப் போய்விட்டாள்.

முழங்கால் பரவாயில்லை. கமலாவிடம் எள் விஷயத்தைச் சொல்லாதே. ஹம்பியில் நீ யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டாயே, அந்தக் கல் இன்னும் உன் பூஜை அறையில்தான் இருக்கிறதா?

உன்,
வேணு